லோரி ஏன் இடப்பக்கம் சாய்ந்தது

அப்பாவின் இடப்பக்கத்தைக் கொண்டுபோன நோய் அண்ணனின் உடம்பிலும் இறங்கிவிட்டது, அதனால்தான் அவர் ஓட்டும் லோரி இடப்பக்கம் இழுக்கிறது என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். அம்மா முழுக்க நம்பினார். அண்ணன் பாதி நம்பினார். அண்ணி என்ன நினைத்தார் என்று அந்த நாட்களில் யாரும் அவரைக் கேட்கவில்லை. நான் மட்டும் நம்ப மறுத்தேன். படித்தவள் என்ற பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றும் பிடிவாதமும் என் மறுப்பில் கொஞ்சம் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

முப்பதுகளின் தொடக்கம் அது. மலாய் நாட்டுத் தீவொன்றில், டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான் பெண்கள் பள்ளியொன்றில் தையலும் தமிழும் கற்பித்துக்கொண்டிருந்தேன். அப்பா குதிரை வண்டி ஓட்டியவர். ஒரு காலையில் முகம் கழுவப் போனவர் இடக்கால் வராமல் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். பதினான்கு மாதம் படுத்திருந்து இறந்தார். அந்தப் பதினான்கு மாதமும் அவரைத் தூக்கியவர், துடைத்தவர், புரட்டிப் படுக்க வைத்தவர் அண்ணன். உயிரற்ற ஒரு கையின் கனம் எவ்வளவு என்று எங்கள் வீட்டில் மற்ற எவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணன் ஓட்டிய வண்டியை லோரி என்று சொன்னாலும் அது முதலில் ஒரு மோட்டார் கார். பின்பாதியை அறுத்தெடுத்துவிட்டுக் கனத்த பலகைகளால் தளம் அடித்திருந்தார்கள். பட்டணத்துச் சாலையில் அதற்குப் பெரிய வேலை இல்லை. தீவின் மறுபக்கத்து மலையில் ஒரு சீனத் தவுக்கேக்கு, அதாவது அண்ணனின் முதலாளிக்கு, கிராம்புத் தோட்டம் இருந்தது. அங்கே தார்ச்சாலை அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் செம்மண் தடம்தான். மழை பெய்தால் சக்கரத்தில் கயிறு சுற்றிக்கொண்டுதான் ஏற முடியும். ஏறும்போது மலைச்சுவர் இடப்பக்கம், இறங்கும்போது பள்ளம் இடப்பக்கம். காலையில் கிராம்பு பறிக்கும் பெண்களை மேலே கொண்டுபோய் விட்டு, மாலையில் மூட்டைகளோடு அவர்களையும் ஏற்றிக்கொண்டு அண்ணன் இறங்குவார். பன்னிரண்டு பதின்மூன்று பெண்கள் இருப்பார்கள். சிலர் மடியில் குழந்தையும் இருக்கும்.

தைப்பூசம் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் அண்ணன் வலத்தோளைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்கு வரத் தொடங்கினார். வண்டி இடப்பக்கம் போகிறது, அதை வலப்பக்கம் இழுத்துப் பிடித்துப் பிடித்துத் தோள் விட்டுப் போகிறது என்றார். அம்மா அவருடைய வலத்தோளைப் பார்க்கவில்லை, இடக்கையைப் பார்த்தார். அன்றைக்கே நல்லெண்ணெயைச் சூடாக்கி அந்தக் கையில் தேய்க்கத் தொடங்கிவிட்டார்.

“வலிக்கிறது இந்த வலத்தோள்தாம்மா” என்று அண்ணன் சிரித்தார்.

“எனக்குத் தெரியும்டா எதுக்குத் தேய்க்கணும்னு” என்றார் அம்மா.

தவுக்கேக்கு எண்ணெய் தேய்த்துப் பார்க்கும் பொறுமை இல்லை. கிடங்கு வாசலில் லோரி நிற்கும்போதே ஒரு பக்கம் சரிந்திருப்பதை அவர் கண்டுவிட்டார். கோணலாக நிற்பதை மலாய்க்காரர்கள் செங்கெட் என்பார்கள். எல்லோர் முன்னிலையிலும் அவர் கேட்டாராம்: “லோரி செங்கெட்டா, டிரைவர் செங்கெட்டா?” மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்திருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் வண்டி நேராக ஓட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் மாணவிகளின் தையல் துணிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“டீச்சரம்மாவுக்கு ஒரு வேலை.”

“சொல்லுங்க.”

“கோளாறு லோரியிலயா, என் உடம்புலயான்னு நீ பார்த்துச் சொல்லணும்.”

நான் ஊசியைத் துணியில் குத்தி வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“வண்டி பழுது பார்க்கிற ஃபிட்டர் நானாவைக் கேட்டா, என் மனசு நோகக்கூடாதுன்னு லோரியைத்தான் சொல்வாரு. அம்மாவைக் கேட்டா என்னைத்தான் சொல்வாங்க. நீ யாருக்கும் சாய மாட்டே. லோரியில ஒண்ணும் இல்லேன்னா சாவியைக் குடுத்திடுறேன். பின்னால உட்கார்ந்து வர்றவங்களுக்கு என் வீட்டு நோயைப் பத்தி என்ன தெரியும்? என்னை நம்பி ஏறுறாங்க.”

அவர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். மகனாகவும் கணவனாகவும் வீட்டுக்கு உழைத்துப் போடுகிறவராகவும் இருந்த ஒருவர், தம் உடம்பைப் பற்றிய தீர்ப்பைத் தங்கையின் கையில் கொடுத்தார். நான் சம்மதித்தேன்.

வண்டியின் இருக்கைக்குக் கீழிருந்த பெட்டியில், அதை முதலில் வாங்கியவர் விட்டுப்போன ஆங்கிலக் கைப்புத்தகம் ஒன்று எண்ணெய்க் கறையோடு கிடந்தது. அதை வீட்டுக்கு எடுத்து வந்து நான்கு மாலைகள் படித்தேன். வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் ஒரு பக்கம் சாய்வதற்கும் காரணங்கள் வேறு வேறாக இருக்கலாம் என்று அதில் இருந்தது. அந்த வரியை நான் படித்தேன். அடிக்கோடும் இட்டேன். அப்போது அதன் பொருள் எனக்கு முழுவதும் விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறு தவுக்கேயின் கிடங்கை ஒட்டிய சிமெண்ட் களத்துக்குப் போனோம். கிராம்பு காயவைக்கும் களம் அது, சமமாகப் பூசியிருந்தார்கள். ஃபிட்டரும் வந்தார். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம். மூத்தவரை அவர்கள் அழைக்கும் முறையில் எல்லோருக்கும் அவர் நானா. அப்பாவின் குதிரை வண்டிக்கு இரும்பு வேலை செய்த நாளிலிருந்தே எங்கள் குடும்பத்தோடு பழக்கம்.

முதலில் சாலையைச் சந்தேகித்தேன். தார்ச்சாலை நடுவில் உயர்ந்தும் ஓரத்தில் தாழ்ந்தும் இருப்பதால் இடது ஓரமாகப் போகிற எந்த வண்டியும் சற்று இடப்பக்கம் நழுவத்தான் செய்யும். ஆனால் சமமான களத்திலும் லோரி இடப்பக்கமே போயிற்று. பிறகு சுமை. மலையில் மேட்டுப் பக்கம் நின்றுகொண்டு மூட்டைகளை ஒரே பக்கமாக அடுக்கும் பழக்கம் உண்டு. எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தோம். காலி வண்டியும் சாய்ந்தே நின்றது. தையல் நாடாவால் தளத்தின் இரு மூலைகளிலிருந்தும் தரைக்கு அளந்தேன். முன்னால் இடப்பக்கம் இரண்டரை அங்குலம் தாழ்ந்திருந்தது.

நானா நான்கு சக்கரங்களுக்கும் சமமாகக் காற்றடித்தார். முன்சக்கரங்களைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். களத்தில் மூன்று சுற்று ஓட்டிவிட்டு இறங்கினார்.

“மாத்திப் போட்டும் இந்தப் பக்கமே போகுதுன்னா, டயர் மேல பழி இல்லை, தங்கச்சி.”

“பிரேக் ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டிருந்தா?”

“தொட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே சூடு. பிடிச்சிருந்தா இந்நேரம் இது மேல ரொட்டி சுட்டுச் சாப்பிட்டிருக்கலாம்.”

“அப்ப நானா, ரொட்டியும் இல்லே, காரணமும் இல்லே” என்றார் அண்ணன்.

“இருங்க தம்பி. உங்க தங்கச்சி இன்னும் நாடாவைச் சுருட்டலை.”

சாலையும் இல்லை, சுமையும் இல்லை, டயரும் பிரேக்கும் இல்லை. ஒவ்வொன்றாகக் கழிந்துபோகப் போக அண்ணனின் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. எனக்குச் சோதனையாகத் தெரிந்த ஒவ்வொன்றும் அவருக்குச் சாத்தப்படும் ஒரு கதவு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கைப்புத்தகத்தில் படித்தபடி ஒரு கயிற்றை எடுத்து, வலப்பக்கத்து முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவரை இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டேன். அதே கயிற்றை இடப்பக்கம் கொண்டுபோய் வைத்தேன். முடிச்சு பின்சக்கரத்தின் நடுவைத் தாண்டிக் கட்டைவிரல் அகலம் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை நானாவைப் பிடிக்கச் சொன்னேன். அதே கட்டைவிரல் அகலம். இடப்பக்கம் முன்சக்கரம் பின்னோக்கி நகர்ந்திருந்தது. முன்சக்கரங்கள் இரண்டையும் கோத்து நிற்கும் இருசு நேராக இல்லாமல் கோணிக்கொண்டிருந்தது. வண்டி இடப்பக்கம் போகாமல் வேறு எங்கே போகும்?

“இருசைப் பிடிச்சு நிறுத்துறது எது, நானா?”

“ஸ்பிரிங் பட்டைதான். வேறென்ன?”

மூவரும் குனிந்து பார்த்தோம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகளால் ஆனது அந்த ஸ்பிரிங். ஆனால் இரும்பு எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. எண்ணெயில் தோய்த்த சாக்குத் துணியால் இறுகச் சுற்றி, மேலே சணல் கயிறு வரிந்து, அதன் மேல் ஒரு மஞ்சள் கயிறு முடிந்திருந்தது. நானா நிமிர்ந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா குதிரை வண்டியின் ஸ்பிரிங்குகளில் மண் ஏறாமலிருக்க அப்படிச் சாக்குச் சுற்றுவார். அண்ணனும் அதையே லோரிக்குச் செய்தார்; செம்மண் சேற்றுக்கு அது நல்ல காப்பு. ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பழைய சாக்கை அவிழ்த்துப் பட்டைகளைத் துடைத்து, கிரீஸ் தடவிப் புதுச் சாக்குச் சுற்றுவார். மறுநாள் அம்மா வந்து நான்கு கட்டின் மேலும் மஞ்சள் கயிறு முடிந்து குங்குமம் வைப்பார். அம்மா முடிந்த கயிறு அடுத்த பூஜைவரை அவிழக்கூடாது. அப்பா விழுந்த வருடம், நடுவில் ஒரு பட்டையை மாற்றுவதற்காகத் தம் வண்டியின் கட்டொன்றை அவிழ்த்திருந்தார். அவிழ்த்த மாதமே விழுந்தார். அன்றிலிருந்து அந்த வழக்கம் எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்டது. அண்ணனின் வண்டியைத் தொட்ட எல்லோருக்கும் அது தெரியும். அதனால் டயரைப் பார்த்தார்கள், பிரேக்கைப் பார்த்தார்கள், ஸ்டியரிங்கைப் பிரித்துப் பூட்டினார்கள். அந்தச் சாக்குக்குள் மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

“நானா, நீங்க அவுத்திடுங்களேன்” என்றேன்.

“அது உங்க அம்மா சாமி கும்பிட்டுக் கட்டினது, தங்கச்சி. என்னைவிட மூத்தவங்க. எத்தனை நோன்புப் பெருநாளுக்கு என் வீட்டுக்கு முறுக்கு அனுப்பியிருக்காங்க. நான் கை வைக்க மாட்டேன். உங்க வீட்டு ஆளு அவுத்துக் குடுத்தா மத்ததை நான் பார்த்துக்கிறேன்.”

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். இருசு, கயிறு, கட்டைவிரல் அகலம் எல்லாவற்றையும் விளக்கினேன். வகுப்பில் விளக்குவதுபோல் விளக்கியிருப்பேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

“ஆயுத பூஜைக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கு?”

“ஏழு மாசம்மா. தவுக்கே மாசக் கடைசிவரைதான் பார்ப்பாரு.”

“வேலை போனா இன்னொரு வேலை வரும்.”

“வண்டியிலதான் கோளாறு. அண்ணன் கிட்ட இல்லேன்னு காட்டலாமே.”

“உங்க அப்பாவும் இதைத்தாம்மா சொன்னாரு. வண்டியிலதான் கோளாறுன்னு.” கீரையைத் தண்ணீரில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “உனக்கு எல்லாம் தெரியும். நான் இல்லேங்கலை. அந்த முடிச்சை மட்டும் விட்டுடு.”

அண்ணி அடுப்பின் முன்னால் இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல் இருந்தது. பிறகு குனிந்து விறகைத் தள்ளினார்.

மறு ஞாயிறு என் தையல் கத்தரிக்கோலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. வண்டியின் அடியில் சாக்கு விரித்து நான் படுத்தபோது அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு களத்தின் கோடியைப் பார்த்தபடி நின்றார். “நான் பார்க்கலை. நீ செய்” என்றார். மஞ்சள் கயிறு எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. ஒரே வெட்டில் வெட்டுப்படவில்லை. மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது.

சாக்கு உரிந்ததும் உள்ளேயிருந்து செம்மண் கொட்டியது. அதன் பின்னால் எல்லாப் பட்டைகளையும் தாங்கும் பெரிய பட்டை இரண்டாக உடைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. நானா அதைக் கழற்றி வெயிலில் பிடித்துக் காட்டினார். முறிந்த இடத்தில் பாதி துருப்பிடித்துப் பழுப்பாகவும் பாதி வெள்ளியாக மின்னிக்கொண்டும் இருந்தது.

“பழுப்பு பழைய விரிசல். மாசக் கணக்கா உள்ளேயே ஓடியிருக்கு. மின்னுறது புதுசு, மீதி அப்புறம் விட்டிருக்கு. சாக்கு இல்லேன்னா முதல் நாளே கண்ணுல பட்டிருக்கும்” என்றார். உடனே தவறாகப் பேசிவிட்டதாக நினைத்தாரோ என்னவோ, “சாக்குப் போட்டதாலதான் இத்தனை நாள் தாங்கிச்சு” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அண்ணன் உடைந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். வலக்கையில்தான் வாங்கினார். அதை அப்போது யார் கவனிப்பார்கள்?

புதுப் பட்டை அடித்துப் பொருத்த மூன்று நாள் ஆயிற்று. பொருத்திய பிறகு நாடாவால் அளந்தேன். இரு மூலையும் சமம். கயிற்றால் அளந்தேன், முடிச்சு இரு பக்கமும் ஒரே இடத்தில். நானா களத்தின் நீளத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், பாதியில் இரு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். கோடு போட்டதுபோல் வண்டி நேராகப் போயிற்று. தவுக்கே வந்து பார்த்துவிட்டு, “பாகுஸ்” என்று ஒரு சொல் சொன்னார். நல்லது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கயிற்றை வெட்டியதையும் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை. எழுந்து போய்ச் சாமி விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டினார். அன்று அவர் சாப்பிடவில்லை. அண்ணன் மட்டும் நெடுநாளைக்குப் பிறகு உரக்கப் பேசினார். டீச்சரம்மா தன்னைப் பாஸ் பண்ணிவிட்டதாக அண்ணியிடம் சொன்னார். அண்ணி சிரித்தார்.

ஒரு காரணம் கைக்குக் கிடைத்தவுடன் நான் தேடுவதை நிறுத்திவிட்டேன். அது உண்மையான காரணம். கையில் எடுத்துக் காட்டக்கூடிய, இரும்பாலான காரணம். அதனாலேயே அது முழுக் காரணம் என்று எண்ணிவிட்டேன்.

புதுப் பட்டை சுமையேறியபின் கொஞ்சம் இறங்கும், ஒன்பது பத்து நாள் கழித்து ஒருமுறை அளந்து பாருங்கள் என்று நானா சொல்லியிருந்தார். பத்தாம் நாள் பள்ளி விடுமுறை. நாடாவையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு அண்ணனோடு மலைக்குப் போனேன். ஏறும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காற்றெல்லாம் கிராம்பு மணம். அண்ணன் இடக்கையால் கியர் மாற்றும்போது மட்டும் பல்லை நறநறவென்று கடிப்பதுபோல் ஓசை வந்தது. பழைய வண்டிதானே என்று இருந்துவிட்டேன்.

பிற்பகலில் மூட்டைகளும் பெண்களும் ஏறினார்கள். நான் முன்னால் அண்ணனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். முதல் வளைவு தாண்டியதும் சக்கரம் தடத்தைவிட்டுப் புல்லில் ஏறியது. பின்னாலிருந்து ஒரு பெண் சத்தம்போட்டார்:

“அண்ணே, ஓரம் ஓரம்!”

அண்ணன் வலப்பக்கம் திருப்பினார். சிறிது தூரத்தில் மறுபடியும் புல்.

“அண்ணே, நாங்க கிராம்புதான் பறிப்போம். பள்ளத்துல குதிச்சு ஜாதிக்காய் பறிக்கச் சொல்லாதீங்க!”

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் பள்ளம் இருந்தது. கீழே மரங்களின் உச்சிகள் தெரிந்தன. நான் அண்ணனைப் பார்த்தேன். வலக்கை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது. இடக்கை பிடித்திருக்கவில்லை, யாரோ எடுத்து அங்கே வைத்துவிட்டுப் போனதுபோல் கிடந்தது. அதன் கனத்தில் ஸ்டியரிங் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் சுழன்றது. அவர் அதை உணரவில்லை. பள்ளம் இருக்கும் திசையை அவர் பார்க்கவே இல்லை.

“நிறுத்துங்கண்ணே” என்றேன்.

மலைச்சுவரை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார்.

“பட்டை மறுபடி போயிருச்சா?” என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த ஆசையை நான் இன்னும் மறக்கவில்லை. பட்டை உடைந்திருக்க வேண்டும் என்று ஒரு மனிதரால் அவ்வளவு விரும்ப முடியும்.

நான் இறங்கினேன். வலப்பக்கம் கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டேன். இடப்பக்கம் வைத்தேன். எடுத்து மறுபடி வைத்தேன். பெண்கள் மூட்டைகளின் மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிறு நனைந்து சுருங்கியிருக்குமோ என்று நாடாவாலும் அளந்தேன். செய்வதற்கு வேறொன்றும் மீதியில்லாதபோது எழுந்து நின்றேன்.

“எவ்வளவு?” என்றார் அண்ணன்.

“ரெண்டும் ஒண்ணுதாண்ணே.”

“நல்லா பாத்தியா?”

“மூணு தடவை.”

பொய் சொல்லியிருக்கலாம். அரை அங்குலம் என்றால் அவர் நம்பியிருப்பார். நானாவும் ஏதாவது முறுக்கி இறுக்கியிருப்பார். இன்னும் ஒரு மாதம் போயிருக்கும். பின்னால் பதின்மூன்று பெண்கள் இருந்தார்கள். யாருக்கும் சாயமாட்டேன் என்றுதான் என்னிடம் கேட்டிருந்தார்.

அண்ணன் வலக்கையால் இடக்கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்பாவின் கையை அவர் அப்படித்தான் தூக்கி வைப்பார்.

“எல்லாரையும் நடந்து இறங்கச் சொல்லும்மா. வழுக்கும், குழந்தை வச்சிருக்கவங்க கையைப் பிடிச்சுக்க. லோரியை நானா வந்து எடுத்துக்கட்டும்” என்றார்.

அடிவாரம்வரை நடந்தோம். அவரும் நடந்தார். இடக்கால் இழுத்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று முன்னால் நடந்தேன். சாவியை மறுநாள் தவுக்கேயிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் தலைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது என்றார்கள். எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாது என்றார்கள். அம்மாவால் அதைச் சொல்ல முடிந்தது. அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆண்டு ஆயுத பூஜையில் என் தையல் பெட்டியை நான் கொண்டுபோய் வைத்தபோது, அதற்கு மட்டும் குங்குமம் வைக்காமல் தாண்டிப் போனார். நான் கயிற்றை வெட்டிய மாதத்தில் அவர் மகனின் கை போயிற்று. அவர் அறிந்த கணக்கு அது. அப்பாவுக்கும் அப்படித்தான் நடந்திருந்தது.

அன்று அண்ணி கிணற்றடியில் என்னிடம் வந்தார்.

“நீங்க கயிறு வெட்டினதால இல்லே” என்றார். “தைப்பூசத்துக்கு முன்னாலேருந்தே அவருக்குச் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டு விட்டுக்கிட்டிருந்தேன்.”

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

“அம்மாவுக்குத் தெரிஞ்சா அழுவாங்கன்னு அவரு சொல்லக்கூடாதுன்னுட்டாரு. நான் பொத்தான் போட்டுவிடுறதைப் பார்த்து, சோம்பல் அண்ணே சோம்பல்னு நீங்ககூட ஒருநாள் அவரைக் கேலி பண்ணீங்கன்னு சொல்லிச் சிரிச்சாரு. நீங்க லோரியில கோளாறு இருக்குன்னு கண்டுபிடிச்சப்ப, அப்ப கையும் அதனாலதான் போலிருக்கு, சரியாயிடும்னு நினைச்சேன். நினைச்சுக்கிட்டேன். இப்பப் போய் அம்மாகிட்ட சொல்லிடுறேன். உங்க மேல பழி வேணாம்.”

அவர் சொல்லியிருந்தால் அம்மா என்னை மன்னித்திருப்பார். ஆனால் தன் மகனின் கை செயலிழந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே, அவரை மலைக்கு அனுப்பிய மருமகளை மன்னித்திருப்பாரா என்பது எனக்குத் தெரியவில்லை. நான் பள்ளிக்குப் போகிறவள். பகலெல்லாம் எனக்கு வெளியே வேறோர் உலகம் இருந்தது. அண்ணிக்கு விடியலிலிருந்து அம்மாவோடு ஒரே அடுப்பு.

“வேண்டாம். இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்” என்றேன்.

அண்ணன் மூன்று வருடம் இருந்தார். பேச்சு கடைசிவரை தெளிவாக இருந்தது. புத்தகம் வாசித்துக் காட்டச் சொல்வார், நடுவில் தூங்கிவிடுவார். அவரை நானும் அண்ணியும் மாறி மாறிப் புரட்டிப் படுக்க வைத்தோம். லோரியைப் பற்றி ஒரே ஒருமுறைதான் கேட்டார்: இப்போது ஓட்டுகிறவருக்கு அது நேராக ஓடுகிறதா என்று. ஓடுகிறது என்றேன். “பெரிய பட்டை நல்ல பட்டை” என்றார். அம்மா அவருக்குப் பிறகு நான்கு வருடம் உயிரோடிருந்தார். என் கையால் சமைத்ததைச் சாப்பிட்டார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் பக்கத்திலிருந்து எழவில்லை. அண்ணனின் கை போனது நான் கயிற்றை வெட்டியதால்தான் என்ற நம்பிக்கையோடேயே போனார். அதை நாங்கள் மாற்றவில்லை.

இந்த வீட்டில் இப்போது அண்ணியும் நானும் இருக்கிறோம்.